டிரேடர்களின் பர்ன்அவுட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்கு, ஆப்ஷன், கரன்சி, கமாடிட்டி, கிரிப்டோ எதுவானாலும் சரி, தினமும் ஸ்கிரீன் முன் உட்கார்ந்து வாங்கி விற்பவர்களுக்காக எழுதியது இது. பல வருடம் டிரேடிங் செய்து, நடுவில் ஒருமுறை முழுவதுமாக முடங்கிப்போய், எட்டு மாதம் விலகி இருந்துவிட்டுத் திரும்பியவன் நான். மருத்துவன் இல்லை. என்னிடம் மற்ற டிரேடர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.

பர்ன்அவுட் என்றால் என்ன? வெறும் களைப்புதானே?

களைப்பு தூங்கி எழுந்தால் போய்விடும். பர்ன்அவுட் தூங்கி எழுந்தாலும் அங்கேயே இருக்கும். எண்ணெய் தீர்ந்த விளக்கில் திரி கொஞ்ச நேரம் தன்னையே எரித்து வெளிச்சம் தரும் அல்லவா, அந்த நிலை அது. தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு விளக்கு நன்றாக எரிவது போலத்தான் தெரியும்.

1974-இல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் இதைப் பற்றி எழுதினார். இலவச மருத்துவமனையில் ஆர்வத்தோடு வேலைக்கு வந்த தன்னார்வலர்கள் மெல்ல மெல்ல வற்றிப்போவதை அவர் பார்த்திருந்தார். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் இது இடம்பெற்றிருக்கிறது. நோயாக இல்லை, வேலை சார்ந்த ஒரு நிலையாக. அதில் மூன்று அடையாளங்கள் சொல்லப்படுகின்றன: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி அதன் மேல் கசப்பு வருவது, வேலைத்திறன் குறைவது.

சிலர் இதை மனச்சோர்வு என்று மொழிபெயர்க்கிறார்கள். அந்தச் சொல் டிப்ரெஷனுக்கு உரியது. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரலாம், ஆனால் ஒன்றல்ல. அதனால் பர்ன்அவுட் என்றே எழுதுகிறேன்.

டிரேடிங்கில் மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் வருகிறது?

எந்த வேலையிலும் வரும். டிரேடிங்கில் அதற்குச் சில தனிக் காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, உழைப்புக்கும் பலனுக்கும் நடுவில் இருக்கும் கயிறு இங்கே தளர்வாக இருக்கிறது. தச்சர் ஒழுங்காக வேலை செய்தால் மேஜை ஒழுங்காக வரும். டிரேடர் எல்லாவற்றையும் சரியாகச் செய்து நஷ்டப்படுவார், மறுநாள் விதியை மீறி லாபம் பார்ப்பார். எது சரி என்று மூளைக்குப் புரிவதற்குள் அடுத்த டிரேடு வந்துவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுதான் ஒரு பழக்கத்தை மிக உறுதியாக ஒட்டவைக்கும் என்று உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் விலங்குகளை வைத்துச் செய்த சோதனைகளில் காட்டினார். அதனால்தான் கசந்துபோன பிறகும் ஸ்கிரீனை விட்டு எழுந்திருக்க முடிவதில்லை.

இரண்டாவது, மனதின் கணக்குப் புத்தகம். உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் வெளியிட்ட கோட்பாட்டின்படி, லாபம் தரும் மகிழ்ச்சியைவிட அதே அளவு நஷ்டம் தரும் வலி பெரியது. பின்னர் அவர்கள் போட்ட கணக்கில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதை ஒரு நாளுக்குப் பொருத்திப் பாருங்கள். ஒரே அளவில் 10 டிரேடு லாபம், 10 டிரேடு நஷ்டம். புரோக்கர் கணக்கில் கமிஷன் போக எதுவும் நடக்கவில்லை. மனதின் கணக்கில் பத்து வரவு, இருபது செலவு. அடி வாங்கிய உணர்வோடுதான் எழுந்திருப்பீர்கள், ஏன் என்று உங்களுக்கே விளங்காது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை லாப நஷ்டத்தைப் பார்ப்பவருக்கு இந்தச் செலவு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விழுகிறது.

மூன்றாவது, கடை சாத்தும் நேரம் இல்லாதது. கரன்சி மார்க்கெட் வாரத்தில் ஐந்து நாள், 24 மணி நேரமும் ஓடுகிறது. கிரிப்டோவுக்கு ஞாயிற்றுக்கிழமைகூடக் கிடையாது. வேறொரு நாட்டுச் சந்தையில் டிரேடு செய்பவர் அந்த நாட்டின் பகலில் விழித்திருந்து, தன் நாட்டின் பகலில் குடும்பம் நடத்த வேண்டியிருக்கிறது.

தனிமையும் உண்டு. வீட்டிலிருந்து டிரேடு செய்பவருக்கு 'இன்றைக்கு முகம் சரியில்லையே' என்று சொல்ல பக்கத்து மேஜையில் ஆள் இல்லை.

எனக்கு வந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உடம்பைவிட உங்கள் ஜர்னல், அதாவது ஒவ்வொரு டிரேடையும் எழுதி வைக்கும் நோட்டு, முன்னதாகச் சொல்லிவிடும் என்பது என் அனுபவம். ஜர்னல் எழுதுவதையே நிறுத்திவிட்டீர்கள் என்றால் அதுவே முதல் தடயம்.

டிரேடுகளில் தெரிவது இப்படி இருக்கும்: செட்டப் (உங்கள் விதிப்படி டிரேடு எடுக்க ஏற்ற சூழல்) இல்லாமல், சும்மா இருக்க முடியாமல் என்ட்ரி எடுப்பது, அதாவது டிரேடுக்குள் நுழைவது. நல்ல செட்டப் கண் முன்னால் வந்து நிற்கும்போது விரல் நகராமல் உறைந்துபோவது. இவை இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே வாரத்தில் நடக்கும். ஸ்டாப் லாஸை, அதாவது நஷ்டத்தோடு வெளியேற முன்பே குறித்த விலையை, ஒருமுறை தள்ளிவைத்தவர் மூன்று முறை தள்ளிவைப்பார். லாட் அளவு, அதாவது ஒரு டிரேடின் அளவு, காரணமே இல்லாமல் ஒரு நாள் இரண்டு மடங்காகும், மறுநாள் பாதியாகும். லாபத்தில் ஓடும் டிரேடை முளைவிடும்போதே மூடிவிட்டு, நஷ்டத்தை மட்டும் வளரவிடுவது.

டிரேடுக்கு வெளியே பார்த்தால், மார்க்கெட் விடுமுறை என்றதும் அளவுக்கு மீறிய நிம்மதி. விடுமுறை முடியும் இரவில் வயிற்றைப் பிசைவது. யாராவது 'இன்றைக்கு எப்படிப் போச்சு?' என்று அன்பாகக் கேட்டாலே எரிச்சல். பின்னிரவில் எழுந்து போனில் விலை பார்ப்பது. தாடை இறுக்கம், தலைவலி, கழுத்துப் பிடிப்பு.

இவை எல்லாவற்றிலும் நான் மிகவும் கவனிக்கச் சொல்வது ஒன்று உண்டு. ஸ்டாப் லாஸ் அடித்ததும் உள்ளுக்குள் 'அப்பாடா, முடிந்தது' என்று தோன்றுகிறதா? பணம் போனதற்கு வருத்தம் வராமல், பொசிஷன் (கையில் திறந்திருந்த டிரேடு) போனதற்கு நிம்மதி வருகிறதா? பெரிய லாபம் வந்தும் எதுவுமே தோன்றாமல் மரத்துப்போயிருக்கிறதா? நஷ்டம் வலிக்காததைப் பக்குவம் என்று நினைத்துக்கொள்வோம். பக்குவப்பட்டவருக்கு அடுத்த டிரேடில் ஆர்வம் இருக்கும். வற்றிப்போனவருக்கு அதுவும் இருக்காது. என்னிடம் இது கிட்டத்தட்ட அரை வருடம் இருந்தது, நான் அதை முன்னேற்றம் என்று ஜர்னலில் எழுதி வைத்திருந்தேன்.

தொடர் நஷ்டத்தில் இருக்கிறேன். இது பர்ன்அவுட்டா, என் முறையே வேலை செய்யவில்லையா?

இதை ஊகிக்க வேண்டியதில்லை, பிரித்துப் பார்த்துவிடலாம். கடைசி 40 டிரேடுகளை எடுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'விதிப்படி' அல்லது 'விதி மீறி' என்று எழுதுங்கள். இரண்டு குவியலையும் தனித்தனியாகக் கூட்டுங்கள். விதிப்படி எடுத்தவையே நஷ்டத்தில் இருந்தால், முறையிலோ மார்க்கெட்டின் போக்கிலோ மாற்றம் இருக்கலாம். அது சார்ட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய வேலை. விதிப்படி எடுத்தவை பரவாயில்லாமல் இருந்து, மீறி எடுத்தவை மொத்தத்தையும் கீழே இழுத்திருந்தால், சரிசெய்ய வேண்டியது உங்கள் உடம்பையும் மனதையும். அப்புறம், வந்தும் எடுக்காமல் விட்ட செட்டப்புகளையும் எண்ணுங்கள். அந்தக் குவியல் பெரிதாக இருந்தாலும் இதே முடிவுதான்.

கணக்கு பெரிய இறக்கத்தில் இருக்கும்போது இதைச் செய்வது கடினம். 20 சதவீதம் போனால் பழைய இடத்துக்கு வர 25 சதவீதம் வேண்டும், 50 சதவீதம் போனால் 100 சதவீதம் வேண்டும். இந்தக் கணக்கு தெரிந்தவருக்குத்தான் அவசரம் அதிகமாகிறது. அந்த அவசரத்தில் முறையை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள்தான் அதிகம். வாரம் ஒரு இண்டிகேட்டர் (சார்ட்டில் போக்கைக் காட்டும் கணக்கீடு) மாறுகிறது என்றால் தேடுவது முறையை இல்லை, இளைப்பாற ஓர் இடத்தை.

எல்லாம் கட்டுப்பாடு இல்லாததுதானே? டிசிப்ளின் இருந்தால் போதும் என்கிறார்களே?

இந்தப் பதிலுக்காகத்தான் நான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். பர்ன்அவுட் டிரேடரிடம் கட்டுப்பாடின்மை என்ற வேஷத்தில் வருகிறது. அதனால் அவர் தன்னைத் திட்டிக்கொள்கிறார், இன்னும் சீக்கிரம் எழுகிறார், இன்னும் இரண்டு மணி நேரம் பேக்டெஸ்ட் செய்கிறார், அதாவது தன் முறையைப் பழைய விலைகளில் சோதிக்கிறார். தண்ணீர் வற்றிய கிணற்றில் வாளியை வேகமாக இறைப்பது போல.

கட்டுப்பாடும் உடம்பிலிருந்துதான் ஊறி வருகிறது. 2008-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஆய்வாளர்கள் ஜான் கோட்ஸும் ஜோ ஹெர்பர்ட்டும் லண்டனில் 17 ஆண் டிரேடர்களின் ஹார்மோன் அளவை எட்டு வேலை நாட்கள் அளந்தார்கள். மார்க்கெட்டின் ஏற்ற இறக்கம் கூடும்போது அவர்களின் கார்ட்டிசால், அதாவது மன அழுத்த ஹார்மோன், கூடவே ஏறியது. கோட்ஸ் இடம்பெற்ற ஒரு குழு 2014-இல் இன்னொன்றைப் பார்த்தது. தன்னார்வலர்களுக்கு மருந்து கொடுத்து எட்டு நாட்கள் கார்ட்டிசாலைச் சுமார் 69 சதவீதம் உயர்த்தி வைத்தபோது, ரிஸ்க் எடுப்பதில் அவர்களுக்கு இருந்த விருப்பமே கணிசமாகக் குறைந்தது. ஒரு நாள் உயர்வில் இப்படி நடக்கவில்லை, நீடித்தபோதுதான் நடந்தது.

யோசித்துப் பாருங்கள். நாம் நிலையானது என்று நம்பும் 'என் ரிஸ்க் அளவு' உடம்போடு சேர்ந்து நகர்கிறது. திங்கட்கிழமை நிம்மதியாக எடுத்த டிரேடை அடுத்த வாரம் எடுக்க முடியாததற்குக் கோழைத்தனம் காரணமாக இருக்க வேண்டியதில்லை.

லாபத்தில்தான் இருக்கிறேன். எனக்கு வருமா?

வரும். இதில் கண்டுபிடிப்பது இன்னும் தாமதமாகும், ஏனென்றால் கணக்கு எச்சரிக்காது. நல்ல மாதங்களில்தான் தூக்கத்தைக் குறைக்கிறோம், அளவைக் கூட்டுகிறோம், ஓய்வைத் தள்ளிப்போடுகிறோம்.

தூக்கம் குறைந்தால் டிரேடு அவ்வளவு பாதிக்குமா?

1997-இல் டாசன், ரீடு என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று போதும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்குக் குறைந்தது. பல நாடுகளில் அந்த அளவோடு வண்டி ஓட்டக் கூடாது. காலை 5 மணிக்கு எழுந்தவர் இரவு 10 மணிக்கு ஒரு பெரிய பொசிஷனைக் கையாளுவது அந்த நிலையில்தான்.

பெரியவர்களுக்கு இரவில் 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. காஃபீன் பழக்கம் இருந்தால் நேரத்தைக் கவனியுங்கள். படுப்பதற்கு ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த 400 மில்லிகிராம்கூடத் தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்றுவிட்டதை 2013-இல் ஓர் ஆய்வு காட்டியது. இரவுச் சந்தையில் டிரேடு செய்தே ஆக வேண்டும் என்றால், தூங்கும் நேரம் பகலில் இருந்தாலும் தினமும் ஒரே நேரமாக இருக்கட்டும், அறை இருட்டாக இருக்கட்டும். வாரத்தில் இரண்டு நாள் அந்த நேரத்தை மாற்றினால் உடம்பு மறுபடியும் முதலிலிருந்து பழக வேண்டும்.

சரி, வராமல் தடுக்க என்ன செய்யலாம்?

ஸ்டாப் லாஸை என்ட்ரிக்கு முன்பே ஏன் முடிவு செய்கிறோம்? பொசிஷனுக்குள் போன பிறகு நம் தலை தெளிவாக இருக்காது என்பதால். ஓய்வும் அதே மாதிரிதான். களைத்த மனது 'இன்னும் ஒரு டிரேடு' என்றுதான் சொல்லும். எப்போது நிறுத்துவது என்று அதனிடம் கேட்கக் கூடாது. தெளிவாக இருந்த நாளிலேயே எழுதி வைத்திருக்க வேண்டும்.

முதலில் அளவு. இதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம். இரவில் ஒரு பொசிஷன் உங்களை எழுப்புகிறது என்றால் அது பெரிய பொசிஷன், ரிஸ்க் கணக்கு என்ன சொன்னாலும் சரி. தூக்கம் கெடாத அளவு வரும்வரை பாதியாக்கிக்கொண்டே போங்கள். மார்ஜின் (சிறு முன்பணத்தில் பெரிய டிரேடு எடுக்கும் வசதி) கிடைக்கிறது என்பதற்காக லிவரேஜை, அதாவது கடன் பணத்தில் பெருக்கிய அளவை, நிரப்பாதீர்கள். முடங்கிப்போனவர்களிடம் பேசினால், பெரும்பாலும் டிரேடின் எண்ணிக்கையைவிட அதன் எடைதான் அவர்களை அழுத்தியிருக்கும்.

அடுத்து, ஒரு நாளின் நஷ்ட எல்லை. எல்லையை மனதில் வைத்திருந்தால் போதாது. பல டிரேடிங் தளங்களில் குறிப்பிட்ட நஷ்டத்துக்கு மேல் கணக்கைப் பூட்டும் வசதி இருக்கிறது; இல்லையென்றால் கேட்டுப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வையுங்கள். இரண்டு நஷ்டம் தொடர்ந்து வந்தால் அரை மணி நேரம் எழுந்து வெளியே போவது என்பதும் நல்ல விதிதான். இழந்ததை உடனே மீட்க ஆத்திரத்தில் எடுக்கும் பழிவாங்கும் டிரேடு பெரும்பாலும் அந்த அரை மணி நேரத்துக்குள்தான் பிறக்கிறது.

எண்ணிக்கையைக் குறைப்பதில் லாபமும் இருக்கிறது. ஆய்வாளர்கள் பிராட் பார்பரும் டெரன்ஸ் ஓடீனும் 1991 முதல் 1996 வரை அமெரிக்காவில் 66,465 குடும்பங்களின் பங்குக் கணக்குகளை ஆராய்ந்தார்கள். அதிகமாக வாங்கி விற்றவர்களுக்குக் கிடைத்தது வருடத்துக்கு 11.4 சதவீதம், அதே காலத்தில் மார்க்கெட் தந்தது 17.9 சதவீதம். அதிக நேரம் உழைத்தால் அதிகம் கிடைக்கும் என்ற நம் வளர்ப்பு இங்கே செல்லாது. எனக்கு இதை ஏற்றுக்கொள்வது மிகக் கடினமாக இருந்தது, ஏனென்றால் சும்மா இருப்பது சோம்பேறித்தனம் என்றுதான் நான் வளர்ந்தேன்.

சார்ட்டை வெறித்துப் பார்ப்பதற்குப் பதிலாக அலர்ட் வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள். போனில் இருக்கும் டிரேடிங் ஆப்பை நீக்கிவிட்டுக் கணினியில் மட்டும் வைத்திருந்தால், படுக்கையறைக்கு மார்க்கெட் வராது. நாளை முடிக்கும்போது ஒரே மாதிரியான ஒரு சடங்கு இருக்கட்டும்: ஜர்னலில் மூன்று வரி, திறந்த பொசிஷன்களின் பட்டியல், கணினியை அணைப்பது. நடை, ஓட்டம், நீச்சல் எதுவோ ஒன்று. நான் நடந்தேன்.

டிரேடிங் பேச்சே வராத ஒரு நட்பாவது வேண்டும். நஷ்ட நாளில் நீங்கள் யாராகவும் இல்லாமல் போய்விட்ட மாதிரி தோன்றுவது, மற்ற எல்லா உறவையும் மூடிவிட்டு ஒரே கணக்கில் உங்களைப் போட்டு வைத்திருப்பதால்தான்.

எத்தனை நாள் ஓய்வு எடுக்க வேண்டும்?

லேசாக இருக்கும்போதே பிடித்துவிட்டால் ஒரு முழு வாரம், எந்தப் பொசிஷனும் இல்லாமல், பலருக்குப் போதும். நன்றாக முற்றிவிட்டால் மாதங்கள் ஆகும்.

பெரிய வங்கிகளில் ஒரு வழக்கம் உண்டு. டிரேடர்கள் வருடத்தில் ஒருமுறை தொடர்ச்சியாக இரண்டு வாரம்வரை கட்டாய விடுப்பில் போக வேண்டும், அந்த நாட்களில் அவர்கள் கணக்கைத் தொடக் கூடாது. இது மோசடியைக் கண்டுபிடிக்க வந்த விதி. ஆள் இல்லாதபோதுதான் மறைத்து வைத்தது வெளியே வரும். 2008-இல் பிரான்ஸின் சொசியேத்தே ஜெனரால் வங்கிக்கு 4.9 பில்லியன் யூரோ நஷ்டம் வைத்த டிரேடர் ஜெரோம் கெர்வியல், 2007-இல் மொத்தமே 4 நாள்தான் விடுப்பு எடுத்திருந்தார். தனியாக டிரேடு செய்பவருக்கு இந்த விதியைப் போட ஆள் இல்லை, ஆனால் இது அவருக்கும் பொருந்தும். பத்து நாள் விலகிவிட்டு வந்து பழைய பொசிஷன்களைப் பார்த்தால், நமக்கு நாமே மறைத்து வைத்திருந்தது தெரியும்.

ஓய்வில் சும்மா மார்க்கெட்டைப் பார்த்துக்கொண்டிருக்கலாமா?

வேண்டாம். பார்த்தால், எடுக்காமல் விட்ட டிரேடுகளுக்காக வருந்துவீர்கள். அது ஓய்வு ஆகாது.

டிரேடிங்தான் என் ஒரே வருமானம். நிறுத்தினால் எப்படி வாழ்வது?

நியாயமான கேள்வி. 'ஒரு மாதம் விடுப்பு எடுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. மாதச் செலவை மார்க்கெட்டிலிருந்து மாதா மாதம் எடுத்தே ஆக வேண்டும் என்ற நிலைதான் பலரை இங்கே கொண்டுவந்து நிறுத்துகிறது. மார்க்கெட்டுக்கு உங்கள் வாடகைத் தேதி தெரியாது.

முடிந்தால் ஆறு மாதச் செலவையாவது டிரேடிங் கணக்குக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மாதத்தில் வந்ததை அங்கே ஒதுக்கி, அதிலிருந்து சம்பளம் போல நிலையான தொகை எடுங்கள். அது இல்லாதவர்கள் டிரேடிங்கைப் பகுதிநேரமாக்கி, வேறு ஒரு வருமானம் தேடிக்கொள்வதில் எந்த இழுக்கும் இல்லை. நான் எட்டு மாதம் கணக்கு எழுதும் வேலை பார்த்தேன். மாதக் கடைசியில் வரப்போகும் தொகை முன்கூட்டியே தெரிந்திருந்தது, அதுவே எனக்கு மருந்தாக இருந்தது. நிறுத்தவே முடியாத சூழ்நிலை என்றால், அளவைக் கால்வாசியாக்கி, ஒரே ஒரு செட்டப்பை மட்டும், ஒரு நாளில் ஒரு மணி நேரம் மட்டும் எடுங்கள்.

அல்கோ, அதாவது தானாக டிரேடு எடுக்கும் கணினி நிரல், போட்டுவிட்டால் பிரச்சினை தீருமா?

பாதி. பொத்தான் அழுத்தும் களைப்பு போகும். அல்கோ ஓடும்போது நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்து, நடுவில் கைவைப்பவர்களுக்கு எதுவும் மாறாது.

வீட்டில் இருப்பவர்கள் எப்படி உதவலாம்?

லாபமா நஷ்டமா என்று கேட்காதீர்கள். 'சாப்பிட்டாயா, தூங்கினாயா' என்று கேளுங்கள். ஒரு மாதமாக அவர் தூங்கும் நேரம், கோபப்படும் முறை, மற்றவர்களோடு பேசுவது மாறியிருந்தால், கண்ணால் பார்த்ததை மட்டும் அப்படியே சொல்லுங்கள்: 'மூன்று வாரமாக இரவு இரண்டு மணிக்கு எழுந்து போன் பார்க்கிறாய்.' குற்றச்சாட்டாக வந்தால் கதவு மூடிக்கொள்ளும். அவர் கடனை மறைக்கிறார் என்று தெரிந்தால் தள்ளிப்போடாமல் உட்கார்ந்து பேசுங்கள்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலுமே பிடிப்பில்லாமல் இருந்தால், டிரேடிங் இல்லாத நாளிலும் மனம் லேசாகவில்லை என்றால், தூங்கவோ அமைதியடையவோ மதுவோ மாத்திரையோ தேவைப்பட்டால், போய்ப் பாருங்கள். ரத்தசோகை, தைராய்டு குறைபாடு இவையும் இதே களைப்பைத் தரும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

நிறுத்த நினைத்தும் முடியவில்லை, இழந்ததைப் பிடிக்கக் கடன் வாங்கி டிரேடு செய்கிறேன், வீட்டில் பொய் சொல்கிறேன் என்றால் அது பர்ன்அவுட்டைத் தாண்டிய விஷயம். சூதாட்ட அடிமைத்தனத்துக்குச் சிகிச்சை தருபவரிடம் போக வேண்டும். டிரேடிங் அடிமைத்தனத்தையும் அவர்கள் அறிவார்கள்.

வாழ்வதில் அர்த்தமில்லை, நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்று ஒரு நிமிடம் தோன்றினாலும் அன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தனியாக இருக்காதீர்கள், உங்கள் நாட்டின் அவசர உதவி எண்ணை அழையுங்கள், அல்லது அருகில் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். எவ்வளவு பெரிய கடனுக்கும் தவணை பேச முடியும், அதற்கு நீங்கள் இருக்க வேண்டும். தயவுசெய்து.

திரும்ப வரும்போது எப்படி ஆரம்பிப்பது?

விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதல் இரண்டு வாரம் ஆர்டர் போடாமல் ஜர்னல் மட்டும் எழுதினேன். எந்த செட்டப் வந்தது, எடுத்திருப்பேனா, உடம்பு என்ன சொன்னது என்று. அப்புறம் மிகச் சிறிய அளவில், ஒரு நாளுக்கு ஒரே டிரேடு. அந்த அளவில் லாபம் வந்தாலும் ஒன்றும் ஆகாது, நஷ்டம் வந்தாலும் ஒன்றும் ஆகாது. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஸ்டாப் லாஸ் அடித்தால் லேசாக வருத்தம் வருகிறதா, அடுத்த நாள் சார்ட்டைத் திறக்கும்போது ஆவல் இருக்கிறதா. எனக்கு அந்த ஆவல் ஐந்தாவது வாரம் வந்தது. அதற்கு அடுத்த மாதம்தான் அளவைக் கொஞ்சம் கூட்டினேன்.